பத்தொன்பதாம் எண்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘சோப்பு சிஸ்டர்’ என்றால்தான் வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கே தெரியும். எந்த வார்டில் என்ன தொற்று, அது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று துப்புத் துலக்குவதுதான் அவள் வேலை. ஆனால் ஊழியர்கள் கண்ணில் பட்டதெல்லாம், அவள் எந்நேரமும் யார் கையையாவது கழுவச் சொல்லிக்கொண்டிருப்பதுதான். பெரிய டாக்டர்கள்கூட அவள் தலை தெரிந்தால் குழாய்ப்பக்கம் ஒதுங்குவார்கள். பயந்தாவது கழுவட்டும் என்று அவளும் விட்டுவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லேப்காரர் போன் செய்தார்.

“மூணாவது குழந்தைக்கும் அதேதான் சிஸ்டர். கிருமி எந்த மருந்துக்குச் சாகுது, எதுக்குச் சாகலைங்கறதுகூட மூணுலயும் ஒண்ணாவே இருக்கு. ஒரே வயித்துப் பிள்ளைங்க மாதிரி.”

குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளுக்குத் தொடையிலும் அக்குளிலும் சீழ்க் கொப்புளம். பெரியவர்கள் பலரின் மூக்கிலும் தோலிலும் ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிற கிருமிதான். ஆனால் இது வழக்கமான மருந்துக்கு மசியாத வகை. ஒன்றரைக் கிலோ குழந்தையின் ரத்தத்துக்குள் இறங்கினால் மூன்று நாளில் ஆளை முடித்துவிடும்.

அவள் அந்த வார்டில் போய் நின்று பார்த்தாள். எட்டுத் தொட்டிலுக்கென்று கட்டிய அறையில் பதினான்கு தொட்டில்கள். இரண்டு நர்ஸ்கள். கை கழுவ இரண்டு குழாய். அதில் ஒன்று மூன்று மாதமாகத் தண்ணீர் வராமல் பிளாஸ்டிக் பை சுற்றிக் கிடந்தது. ஒவ்வொரு குழந்தையையும் தொட்ட பிறகு கழுவ வேண்டுமென்றால் ஒருத்தி ஒரு ஷிப்டில் நூறு தடவையாவது அந்த ஒற்றைக் குழாய்க்கு நடக்க வேண்டும். புதிதாக வந்த சோப்புத் தண்ணீரோ கையைத் தேங்காய் நார் மாதிரி ஆக்கிவிடுகிறது என்று எல்லோரும் புலம்பினார்கள். இதையெல்லாம் அவள் ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தாள். குழாய் குழாயாகவே இருந்தது.

நேராக மேட்ரன் அறைக்குப் போனாள்.

மேட்ரன் அவளுக்கு மேலதிகாரி மட்டுமல்ல. இருபத்திரண்டு வருடச் சிநேகிதி. நர்ஸிங் படிப்பில் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே போர்வை. இவளுக்குக் காய்ச்சல் வந்து பரீட்சைக்குப் படிக்க முடியாமல் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து பாடத்தை வாசித்துக் காட்டியவள் அவள். அவளுடைய இரண்டாவது பிரசவத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள். “எனக்கு முன்னாடியே உனக்கு அவகூட கல்யாணம் ஆயிடுச்சு” என்று சோப்பு சிஸ்டரின் கணவர் கேலி செய்வார்.

“ஊழியர்கள் எல்லாருக்கும் மூக்குல சாம்பிள் எடுக்கணும்டீ” என்றாள் சோப்பு சிஸ்டர். “ஆயாவுல இருந்து டாக்டர் வரைக்கும். ஆனா பேர் போட்டு எடுத்தா ஒருத்தரும் மூக்கைக் காட்டமாட்டாங்க. நம்பர் போட்டு எடுக்கலாம். எந்த நம்பர் யாருங்கற லிஸ்ட் என்கிட்ட மட்டும் இருக்கும். கிருமி இருக்கறவங்களுக்கு அஞ்சு நாள் மூக்குல தடவ களிம்பு. அவ்வளவுதான். யாருக்கும் தண்டனை கிடையாது. இதுக்கு நீ வாக்குக் கொடுக்கணும்.”

“குடுத்தேன் போ” என்றாள் மேட்ரன். “முதல் மூக்கு என்னோடதுன்னு எழுதிக்கோ.”

அதுதான் அவள். முன்னால் நிற்க ஒருநாளும் தயங்கியதில்லை. மறுநாள் தன் அறையிலேயே, எண் எழுதிய சீட்டுகள் கிடந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து முதல் ஆளாகச் சாம்பிள் கொடுத்தாள்.

வார்டில் அப்படிச் சுலபமாக நடக்கவில்லை. நர்ஸ்கள் தரையைப் பார்த்தார்கள். ஒரு டாக்டர் அவசரமாக மணியைப் பார்த்தார். அப்போது முன்னால் வந்தவள் அந்த வார்டு ஆயா. ‘வக்கீலம்மா’ என்று பெயர் வாங்கியவள். நாற்பது வயதிருக்கும். எந்த உத்தரவு வந்தாலும் நாலு கேள்வி கேட்காமல் செய்யமாட்டாள். செய்ய ஆரம்பித்தால் அவளைப்போல் சுத்தமாகச் செய்ய ஆளில்லை.

“பேர் வெளிய வராதுன்னு சொல்றீங்களே, அது நீங்க சொல்றதா, ஆஸ்பத்திரி சொல்றதா?”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா.”

“எப்படி ஒண்ணாகும்? ஆஸ்பத்திரி சொன்னா நாளைக்கு ஆள் மாறும், சர்க்குலர் மாறும். நீங்க சொன்னா நான் உங்க சட்டையப் பிடிச்சுக் கேக்கலாம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சோப்பு சிஸ்டரும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “நான் சொல்றேன்.”

“அப்ப சரி” என்று வக்கீலம்மா டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தாள். பத்தொன்பது. நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். “எடுங்க. உள்ள மூளை இருந்தா அதுலயும் கொஞ்சம் எடுத்துக்குங்க, வீட்டுல யாரும் நம்பமாட்டேங்கறாங்க.”

அவள் உட்கார்ந்த பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். முப்பத்தொரு பேர். பஞ்சுக் குச்சி நுழைந்ததும் கண்ணில் நீர் வழிய ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. நான்கு பேரிடம் அந்தக் கிருமி இருந்தது. எண்கள் நான்கு, பதினொன்று, பத்தொன்பது, இருபத்தேழு. அவள் மேஜையைத் திறந்து லிஸ்டை எடுத்துப் பார்த்தாள். பதினொன்று ஒரு டாக்டர். இருபத்தேழு ஒரு நர்ஸ். பத்தொன்பது வக்கீலம்மா. நான்காம் சீட்டை எடுத்திருந்தவள் மேட்ரன்.

நான்கு பேரையும் தனித்தனியாகப் பார்த்துக் களிம்பைக் கொடுத்தாள். மேட்ரனிடம் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “என் மூக்குலயா? வாடகை குடுக்காம இத்தனை நாளா இருந்திருக்கு பாரு.” களிம்பை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாக்டரும் நர்ஸும் ஒரு வாரம் வேறு வேலைக்கு மாறிக்கொண்டார்கள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. வக்கீலம்மாவுக்கு மட்டும் அது போதாது. அந்த சோப்புத் தண்ணீரில் அவள் கைகள் வெடித்துப் புண்ணாகியிருந்தன. புண்ணில் கிருமி ஒட்டிக்கொண்டால் களிம்பு மூக்கில் போட்டுப் பிரயோசனமில்லை. கை ஆறும்வரை பத்து நாளாவது வீட்டில் இருக்க வேண்டும். ஆயாக்களின் லீவுக்கு மேட்ரன் கையெழுத்து வேண்டும், காரணத்தோடு.

“யாருக்கு, எதுக்குன்னு தெரியாம நான் எப்படிடீ கையெழுத்துப் போடறது?” என்றாள் மேட்ரன். இரண்டு பேர் முன்னாலும் டீ ஆறிக்கொண்டிருந்தது. “நமக்குள்ளதானே.”

சோப்பு சிஸ்டர் ஒரு கணம் யோசித்தாள். ஒரே கணம்தான். பிறகு பெயரைச் சொன்னாள்.

மேட்ரன் கையெழுத்துப் போட்டாள். வக்கீலம்மா கையில் மருந்துத் துணியோடு வீட்டுக்குப் போனாள். குழந்தைகளைப் பிரித்து வைத்தார்கள். புதுக் குழந்தைகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். தண்ணீர் வராத குழாயைக்கூட ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். நான்காவது குழந்தைக்குக் கொப்புளம் வரவில்லை. ஆனால் முதல் மூன்றில் இரண்டாவது குழந்தைக்குக் கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது இறந்துபோனது. பிறந்து பதினேழு நாள். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

திங்கள்கிழமை குழந்தையின் அப்பாவும் உறவுக்காரர்களும் வாசலில் வந்து நின்றார்கள். செவ்வாய்க்கிழமை பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். புதன்கிழமை விசாரணைக் குழு போட்டார்கள். வியாழக்கிழமை காலை சோப்பு சிஸ்டர் உள்ளே நுழைந்தபோது அறிவிப்புப் பலகையின் முன்னால் கூட்டம் நின்றது. அவளைக் கண்டதும் கூட்டம் விலகி வழிவிட்டது. கை கழுவச் சொல்வாளென்று பயந்து விலகிய விலகல் இல்லை அது.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் பரவிய தொற்றுக்குக் காரணமான ஊழியர் கண்டறியப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று போட்டிருந்தது. கீழே வக்கீலம்மாவின் முழுப் பெயர், ஊழியர் எண், வார்டு.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். எழுத்துகள் புரிந்தன, விஷயம் மண்டைக்குள் ஏற மறுத்தது. யாரோ லிஸ்டைத் திருடியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஓடிப்போய் மேஜையைத் திறந்தாள். பூட்டு பூட்டாகவே இருந்தது. லிஸ்ட் வைத்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பெயரை அவள் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.

மேட்ரன் அறைக் கதவை அவள் தட்டவில்லை.

“ஏன்டீ?” என்றாள்.

“உக்காரு முதல்ல.”

“நிக்கறேன். சொல்லு.”

மேட்ரன் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தாள். “டைரக்டர் ஒரு பேர் கேட்டார். வெளிய ஜனங்க நிக்கறாங்க. பேர் குடுக்கலன்னா வார்டையே மூடிடுவேன்னார். மூடினா மிச்சக் குழந்தைங்க எங்க போகும்? சொல்லு.”

“நாலு பேர் இருந்தாங்க.”

“டாக்டரைக் குடுக்கச் சொல்றியா? அந்த நர்ஸ் ரெண்டு குழந்தைய வச்சுக்கிட்டுத் தனியா கஷ்டப்படறா.”

அந்த டாக்டர் யார், நர்ஸ் யார் என்று சோப்பு சிஸ்டர் அவளிடம் சொன்னதில்லை. வேலை மாறியவர்களைப் பார்த்து அவளே ஊகித்திருக்க வேண்டும்.

“நாலாம் நம்பர்?” என்றாள் சோப்பு சிஸ்டர்.

வெளியே ஒரு தள்ளுவண்டி சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. மேட்ரன் பேனாவை மறுபடியும் நேராக வைத்தாள்.

“நான் குழந்தைங்களத் தொடறதே இல்லையே.”

“தினம் காலைல ரவுண்ட்ஸ் போற. ஒவ்வொரு தொட்டிலா நின்னு கன்னத்தத் தட்டுற. நான் உன்கூடவே வந்து பார்த்திருக்கேன். நாலு பேருல யாரு குடுத்தாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. குழந்தைங்ககிட்ட இருந்து நமக்கு வந்ததாக்கூட இருக்கலாம். இது உனக்குத் தெரியாதா? நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதானே படிச்சோம்.”

“தெரியும்” என்றாள் மேட்ரன். குரல் தாழ்ந்திருந்தது. “அவளுக்கு வேற இடத்துல வேலை பார்த்துத் தரேன். கொஞ்சம் அடங்கட்டும்.”

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பாள். சோப்பு சிஸ்டர் திரும்பி நடந்தாள்.

அன்று மாலை இறந்த குழந்தையின் அம்மா, வார்டில் விட்டுப்போன துணிகளை எடுத்துப்போக வந்தாள். பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“அந்தம்மாவா சிஸ்டர்?” என்று கேட்டாள். “என் பிள்ளைய எப்படித் தூக்கணும்னு எனக்குக் காட்டிக் குடுத்ததே அவங்கதான்.”

“அவங்கதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா.”

“அப்புறம் ஏன் எழுதிப் போட்டிருக்காங்க?”

சோப்பு சிஸ்டர் துணிகளை மடித்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் விசாரணைக் குழு அவளைக் கூப்பிட்டது. நீள மேஜையில் ஐந்து பேர். ஓரத்து நாற்காலியில் குழு உறுப்பினராக மேட்ரனும் உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில் ஊழியர் சங்கத்தின் சார்பில் நாலைந்து பேர். சோப்பு சிஸ்டர் எழுதி வந்ததை வாசித்தாள். எட்டுப் பேருக்கான இடத்தில் பதினான்கு தொட்டில். இரண்டு குழாயில் ஒன்று. பதினான்கு குழந்தைக்கு இரண்டு நர்ஸ். கையை வெடிக்கவைக்கிற சோப்பு. “இந்த நாலும் மாறாத வரைக்கும் யாரை வேலையை விட்டு எடுத்தாலும் அடுத்த மாசம் திரும்பவும் வரும்” என்று முடித்தாள்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “கிருமி நாலு பேர்கிட்ட இருந்ததா லேப் சொல்லுது. ஒரு பேர்தான் எங்ககிட்ட இருக்கு. மத்த மூணு பேர் யாரு?”

“அதைச் சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்துத்தான் சாம்பிள் வாங்கினேன்.”

“ஒரு பேர் வந்துடுச்சே.”

“அது வந்திருக்கக் கூடாது.”

தலைவர் ஓரத்தைப் பார்த்தார். “மேட்ரன், உங்களுக்குத் தெரியுமா?”

சோப்பு சிஸ்டரும் அந்தப் பக்கம் திரும்பினாள். இப்போதாவது சொல்வாள் என்று ஒரு நப்பாசை. மேட்ரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“லிஸ்ட் அவங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சு. அந்த ஆயா பேரும் அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

ஒரு வார்த்தைகூடப் பொய்யென்று எடுத்துக்காட்ட முடியாத பொய். பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் தன் முதுகைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. நாளைக் காலைக்குள் ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பேச்சாக இருக்கும்: சோப்பு சிஸ்டர்தான் காட்டிக்கொடுத்தாள்.

நாலாம் எண் யார் என்று சொல்ல ஒரு வரி போதும். அது நாக்கு நுனியில் வந்து நின்றது. இருபத்திரண்டு வருடமும் சேர்ந்து வந்து நின்றது. சொல்லியிருந்தால் அந்த அறையில் ஒருவரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவள் வாக்குக் கொடுத்தது நல்லவர்களுக்கு மட்டும் என்று பார்த்துக் கொடுத்ததில்லை. முப்பத்தொரு மூக்குக்கும் கொடுத்தது. நாலாம் எண்ணை இன்று உடைத்தால், பதினொன்றும் இருபத்தேழும் இன்றிரவு தூங்க மாட்டார்கள்.

“தரமாட்டேன்” என்றாள்.

விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று அவளுக்கு மெமோ வந்தது. ஆனாலும் விசாரணைக் குழு சிலவற்றைச் செய்தது: ஆறு தொட்டில்களை வேறு அறைக்கு மாற்றியது, குழாயைச் சரிசெய்தது, சோப்பை மாற்றியது. அதற்கான உத்தரவில் அறிக்கை தந்த அவள் பெயர் எங்குமில்லை. வக்கீலம்மாவின் நீக்கம் அப்படியே இருந்தது. வேறு வேலை பார்த்துத் தருவதாகச் சொன்ன மேட்ரன் அதைப் பற்றிப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

வக்கீலம்மாவின் வீட்டைத் தேடி அவள் இரண்டு முறை போனாள். முதல் முறை கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் சட்டென்று நின்றது மட்டும் கேட்டது. இரண்டாம் முறை வக்கீலம்மாவே வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. கைகள் நன்றாக ஆறியிருந்தன.

“பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க இங்க வர்றதில்ல சிஸ்டர். என் தங்கச்சி மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. பார்க்க வராதேன்னு போன்ல சொல்றா. அழுதுகிட்டே சொல்றா, ஆனா சொல்றா.”

“நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்மா. உங்க லீவுக்காக. அவங்க இப்படிச் செய்வாங்கன்னு கனவுலயும் நினைக்கல.”

“யாருகிட்ட?”

சோப்பு சிஸ்டர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

“அதையும் சொல்லமாட்டீங்க” என்றாள் வக்கீலம்மா. “அவங்க பேரைக் காப்பாத்தறீங்க. என் பேரைத்தான் காப்பாத்த முடியல.” கோபமில்லாமல், கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னாள். சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கொண்டுவந்த கடிதத்தை சோப்பு சிஸ்டர் நீட்டினாள். களிம்புக்குப் பிறகு வக்கீலம்மா தானே லேபுக்குப் போய்க் கொடுத்த மூன்று சாம்பிளிலும் கிருமி இல்லை என்றும், எந்த ஆஸ்பத்திரியிலும் எந்த வேலையும் செய்யலாம் என்றும் தன் பெயரிலேயே எழுதிக் கையெழுத்திட்டிருந்தாள். வக்கீலம்மா அதை முழுக்க வாசித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, “‘எந்த வேலையும்’னு போட்டிருக்கீங்க. ‘குழந்தைகள் வார்டு உட்பட’ன்னு சேருங்க” என்றாள். சோப்பு சிஸ்டர் கதவுச் சட்டத்தில் காகிதத்தை வைத்து அதையும் எழுதிக் கொடுத்தாள். வக்கீலம்மா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அந்தக் கடிதத்தைக் காட்டி அவள் ஊரின் வேறொரு மூலையில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

நான்கு மாதம் கழித்து ஆண்கள் வார்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவியது. முன்பெல்லாம் இப்படி ஏதாவது வந்தால் ஊழியர்களே அவளைத் தேடி வருவார்கள்: “சிஸ்டர், காலைல இருந்து வயிறு சரியில்ல, வேலைக்கு வரலாமா?” அந்த ஒரு கேள்வியில் பாதி நோய் வாசலோடு நின்றுவிடும். இந்த முறை ஒருவரும் வரவில்லை. அவளுக்குத் தகவல் லேப் மூலமாக வந்தபோது ஒன்பது நோயாளிகள் படுத்துவிட்டிருந்தார்கள்.

கழிப்பறை வாசலில் ஆண் நர்ஸ் ஒருவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளிறியிருந்தது.

“எத்தனை தடவை போச்சு?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல சிஸ்டர். பஸ்ல வந்தது ஒத்துக்கல.”

“உண்மையச் சொல்லு தம்பி. வீட்டுக்கு அனுப்பத்தான் கேக்கறேன்.”

“ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல” என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குள் போனான். உள்ளே சாப்பாட்டு வேளை. நோயாளிகளுக்குத் தட்டு எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தான்.

மூன்று நாளில் நோயாளிகள் இருபத்துமூன்று பேர், ஊழியர்கள் பதினொரு பேர் ஆனார்கள். அந்தப் பதினொரு பேரில் தானாகச் சொன்னவர் ஒருவருமில்லை. வார்டை மூடி, தரையிலிருந்து கட்டில் கால்வரை பிளீச்சிங் போட்டுத் துடைக்க வைத்தாள். மேட்ரன், வயிறு சரியில்லாதவர்கள் உடனே தெரிவிக்க வேண்டும் என்று சர்க்குலர் போட்டாள். அது பலகையில் குத்தியிருந்தது. படித்தவர்கள் படித்துவிட்டு நடந்தார்கள்.

நான்காம் நாள் ஷிப்டு மாறும் நேரத்தில், மூடிய வார்டுக்கு வெளியே ஊழியர்கள் கூடி நின்றபோது சோப்பு சிஸ்டர் அவர்கள் நடுவில் போய் நின்றாள். பேச வேண்டும் என்று திட்டமிட்டு வரவில்லை.

“ஆயா பேர் என் வாயாலதான் வெளிய போச்சு” என்றாள். “வேற யாரும் லிஸ்டைப் பார்க்கல. நான் நம்பின ஒருத்தர்கிட்ட சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நீங்க என்னை நம்பாம இருக்கறது சரிதான். ஆனா உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா என்கிட்ட சொல்ல வேண்டாம், வீட்டுல இருங்க. காரணம் என்ன வேணும்னாலும் எழுதுங்க. நான் கேக்கமாட்டேன்.”

தூரத்தில் மேட்ரன் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்; பிறகு உள்ளே போய்விட்டாள். கூட்டம் கலைந்தது. அந்த ஆண் நர்ஸ் மட்டும் போகிறபோது அவளைத் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் காலை பலபேர் வேலைக்கு வரவில்லை. ஒருத்திக்கு அத்தை வீட்டு விசேஷம், ஒருவனுக்கு வண்டி ரிப்பேர், ஒருத்திக்கு வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று காரணங்கள் வந்தன. மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது. சோப்பு சிஸ்டர் எல்லாவற்றையும் வந்தபடியே பதிவேட்டில் எழுதிக்கொண்டாள். அந்த வாரத்துக்குப் பிறகு புதிதாக யாரும் படுக்கவில்லை.